அடுப்பும் விளக்கும்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் குடிநீரின் ஆற்றல் வரலாறு

குடிநீரைத் தூய்மைப்படுத்த ஓர் ஊர் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்ற வினாவுக்கு விடை தேடும்போது, நகராட்சியின் மின்கட்டணப் பதிவேட்டைப் புரட்டுவதே நம் வழக்கம். இறைப்பு நிலையம், வடிகட்டி, குளோரின் கலக்கும் கருவி ஆகியவற்றின் செலவு அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்த நீர் வீட்டுக்குள் வந்த பிறகு, அதை நம்பாமல் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைக்கும் குடும்பத்தின் எரிபொருள் அப்பதிவேட்டில் இராது. கேரளத்தில் பதிமுகம், சீரகம், கருங்காலி முதலியவற்றை இட்டுக் கொதிக்கவைத்த நீரை அருந்துவது ஒரு பண்பாடாகவே நிலைபெற்றிருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதல் தேவிகுளம், பீர்மேடு வரையிலான எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களும் அதற்குப் புறம்பானவை அல்ல.

புறஊதா ஒளியால் குடிநீரைத் தூய்மைப்படுத்தினால் ஆற்றல் மிச்சமாகும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் சுவர்களுக்குள் மட்டும் கணக்குப் பார்த்தால் இக்கூற்று நிற்காது. குளோரினைவிடப் புறஊதா விளக்கு கூடுதல் மின்சாரத்தையே கேட்கிறது. மிச்சம் ஏற்படக்கூடிய இடம் வீட்டு அடுப்பு. அடுப்பு அணைய வேண்டுமானால் குழாய்நீரை மக்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை விளக்கிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. நீர் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதிலிருந்தும் பிறக்கிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் நீர் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

1. இரண்டு ஆட்சிகளின் மலை

இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 வரை மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாகச் சென்னையிலிருந்து ஆளப்பட்டது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மலைகளோ திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டவை. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரள மாநிலத்தில் இணைந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல்தான். எனவே இப்பகுதிகளின் நீர் வரலாற்றை எழுத முற்படுபவர் எழும்பூரிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள இருவேறு ஆவண மரபுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆட்சிகள் இரண்டாயினும் நில அமைப்பு உணர்த்தும் உண்மை ஒன்றே. மேற்குச் சரிவில் மழை மிகுதி; கிழக்கே சமவெளியில் மழை குறைவு. மேற்கே பெய்யும் மழையை உயரத்திலேயே தடுத்துக் கிழக்கே திருப்பினால், நீர் தன் எடையாலேயே இறங்கிவரும். இந்த எளிய இயற்பியலின் மீது எழுந்தவையே முல்லைப் பெரியாறும் சிறுவாணியும்.

1886இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின் அடிப்படையில், பென்னிகுக் தலைமையில் கட்டப்பட்ட பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த ஆற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குள் இறங்கியது. பாசனத்துக்காக எழுந்த அத்திட்டத்தின் நீர், 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் மின்சாரத்தையும் பிறப்பிக்கத் தொடங்கியது. பிற ஊர்களில் நீருக்காக மின்சாரம் செலவாகிறது. குமுளி மலைமுகட்டிலோ நீர் இறங்கும்போதே மின்சாரத்தைத் தந்துவிட்டுப் போகிறது. இன்று அதே லோயர் கேம்ப்பை மூலமாகக் கொண்டு மதுரை மாநகரத்துக்கான குடிநீர்த் திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது.

2. சிறுவாணி தரும் பாடம்

ஆற்றல் கணக்கை நேரடியாகக் கற்பிப்பது சிறுவாணி. கோயம்புத்தூரின் நீர்ப் பஞ்சத்துக்குச் சிறுவாணியே தீர்வு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்தியவர்களுள் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு முதன்மையானவர். அவர் காலத்தில் கனவாக இருந்த திட்டம் 1930களின் தொடக்கத்துக்குள் நனவாயிற்று. பின்னர், 1973இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பாலக்காடு மாவட்டத்துக்குள் புதிய அணை எழுப்பப்பட்டது. ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நீர் கோவைக்கு உரியது என ஒப்பந்தம் வரையறுத்தது. சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி லிட்டர்.

அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 878 மீட்டருக்குச் சற்று மேல். கோவை நகரம் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இடைப்பட்ட 460 மீட்டரை நீர் இறைப்பு எந்திரத்தின் துணையின்றி, மலைச் சுரங்கத்தின் வழியே தானாகவே இறங்கிக் கடக்கிறது.

இதன் பொருளை எண்களால் உணரலாம். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்தக் கோட்பாட்டளவில் 0.27 யூனிட் மின்சாரம் தேவை. எந்திரத்தின் திறன் 65 விழுக்காடு எனக் கொண்டால் 0.42 யூனிட். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரை 460 மீட்டர் உயரத்துக்கு இறைக்க நேர்ந்தால் ஏறத்தாழ 1.9 லட்சம் யூனிட் செலவாகும். மாறாக, அதே நீரைச் சரிவு தன் போக்கில் கொண்டுசேர்க்கிறது. இந்த 1.9 லட்சம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். புறஊதா விளக்கின் செலவைப் பின்னர் இதனுடன் ஒப்பிட வேண்டியுள்ளது.

3. கூப்பர்ஸ் ஹில்லில் ஒரு தாவரவியலாளர்

ஒளி நுண்ணுயிரிகளைக் கொல்லும் என்ற அறிவு இந்த மலைகளோடு எதிர்பாராத வழியில் உறவுடையது. 1877இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர்கள், வெயிலில் வைத்த குழாய்களில் இருந்த ஊட்டக் கரைசலில் பாக்டீரியா வளரவில்லை என்று அறிவித்தனர். அதே 1877இல்தான் பூஞ்சாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாக வழங்கியது. மூணாற்றின் தோட்டப் பொருளாதாரத்துக்கும், அங்கே குடியேறிய தமிழ்த் தொழிலாளர் வரலாற்றுக்கும் அந்த ஆவணமே தொடக்கம்.

டவுன்ஸும் பிளண்ட்டும் தொடங்கியதை 1890களில் துல்லியப்படுத்தியவர்களுள் ஒருவர் ஹாரி மார்ஷல் வார்டு. தாவரவியல் படித்தவர்களுக்கு இவர் வேறொரு காரணத்துக்காக அறிமுகமானவர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி, காப்பி இலைத்துரு நோய்க்குக் காரணமான பூஞ்சையை ஆராய்ந்தவர் அவரே. இலங்கையில் காப்பி அழிந்து தேயிலை எழுந்ததும், தமிழ்த் தொழிலாளர் வாழ்வு தேயிலையோடு பிணைந்ததும் அந்நோயின் தொடர் விளைவுகள். இங்கிலாந்து திரும்பிய வார்டு 1885 முதல் 1895 வரை கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரியில், இந்தியாவுக்குச் செல்லவிருந்த வனத்துறை மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தார். அக்காலத்தில்தான் ஆந்திராக்ஸ் வித்துகளைப் பரப்பிய தட்டுகளின் மீது ஒளியைப் பாய்ச்சி, நிறமாலையின் நீல-ஊதா முனையும் அதற்கு அப்பாலுள்ள பகுதியுமே கொல்லும் ஆற்றல் மிக்கவை என்று காட்டினார்.

வார்டு அக்கல்லூரியை விட்டு 1895இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு அக்கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றவர், பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் திரும்பிய பென்னிகுக். ஒளியால் நுண்ணுயிரி மடிவதை ஆராய்ந்தவரும், மலையைக் குடைந்து நீரை இறக்கியவரும் ஓராண்டு இடைவெளியில் ஒரே வளாகத்தில் பணியாற்றியிருக்கிறார்கள். இருவருக்குமிடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. நீரைக் கொண்டுவரும் அறிவும் நீரைத் தூய்மைப்படுத்தும் அறிவும் காலனியக் கல்வி அமைப்பின் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனியே வளர்ந்தன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அப்பிரிவு இன்றும் நீடிக்கிறது: அணைகளைப் பற்றி எழுதும் நாம் குழாயின் மறுமுனையில் உள்ள பாத்திரத்தைப் பற்றி எழுதுவதில்லை.

4. விளக்கு தோற்றதும் குளோரின் வென்றதும்

பாதரச ஆவி விளக்கும் குவார்ட்சுக் குழாயும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவானபின், சூரியனைச் சாராமல் புறஊதா ஒளியைப் பெற முடிந்தது. 1910ஐ ஒட்டிப் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீருக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தனர். 1916இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ஹென்டர்சன் நகரம் அம்முறையைக் கையாண்டது. ஆயினும் விளக்குகள் அடிக்கடி பழுதாயின, செலவும் மிகுந்தது. ஒரு தலைமுறைக்குள் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது குளோரின். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த நெஸ்ஃபீல்டு என்னும் அலுவலர், திரவக் குளோரினால் குடிநீரைத் தூய்மைப்படுத்தலாம் என்று 1903இலேயே எழுதினார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கியது. மலிவு, எளிமை, குழாய்க்குள்ளும் தொடர்ந்து காக்கும் எச்சத் திறன் ஆகிய மூன்றும் குளோரினின் வெற்றிக்குக் காரணங்கள்.

குளோரினும் மின்சாரத்தின் குழந்தையே. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் அது பெறப்படுகிறது. தென்னிந்தியாவின் குளோரின் ஆலைகள் நீர்மின்சாரத்தை அடுத்து எழுந்ததற்கு இதுவே காரணம். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் அங்கே வேதித் தொழில் வேரூன்றியது. இடுக்கி மலையிலுள்ள பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியபின், கொச்சிக்கு அருகிலுள்ள ஏலூரில் தொழிற்சாலைகள் அணிவகுத்தன. 1951இல் திருவிதாங்கூர்-கொச்சி கெமிக்கல்ஸ் நிறுவனம் அங்கே அமைந்தது. மலையிலிருந்து இறங்கிய நீர் மின்சாரமாகி, மின்சாரம் குளோரினாகி, குளோரின் மீண்டும் நீரில் கலந்தது. ஆகவே ‘மின்சாரம் வேண்டும் விளக்கு’, ‘மின்சாரம் வேண்டாத குளோரின்’ என்ற எதிர்நிலை சரியன்று. குளோரினின் மின்செலவு வேறோர் ஊரின் கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே.

5. விளக்கு திரும்பி வருதல்

புறஊதா ஒளியின் மறுவரவுக்கு இரண்டு கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன. நீரிலுள்ள கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன் என்னும் தீங்கான சேர்மங்களை உண்டாக்குகிறது என்று நெதர்லாந்தின் யோஹன்னஸ் ரோக் 1974இல் வெளிப்படுத்தினார். அடுத்து, 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குடிநீர் வழியாகப் பரவி ஏறத்தாழ 4 லட்சம் பேரைத் தாக்கியது. குளோரினுக்கு எளிதில் மடியாத அந்த ஒட்டுண்ணி, குறைந்த அளவு புறஊதா ஒளிக்கே செயலிழக்கிறது என்பது 1990களின் இறுதியில் உறுதியானது. குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. மரபணுவில் உள்ள தைமின் மூலக்கூறுகள் அவ்வொளியை ஏற்று ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அதன்பின் அவ்வுயிரி பெருக இயலாது. நியூயார்க் நகரம் காட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புகளின் நீருக்காக இத்தகைய மாபெரும் நிலையத்தை அமைத்து 2013 வாக்கில் முழுமையாக இயக்கத் தொடங்கியது. அந்நீர் மணல் வடிகட்டி வழியே செல்வதில்லை. காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காப்பதன் மூலமே அது தெளிவாக இருக்கிறது. பெரும்பாலும் சரிவின் வழியே நகரத்தை அடைகிறது. சிறுவாணியை அறிந்தவர்களுக்கு இந்த ஒப்புமை விளங்கும்.

இந்திய வரலாற்றில் இக்கதையின் திருப்பம் சென்னையில் தொடங்குகிறது. 1992இன் பிற்பகுதியில் அதுவரை அறியப்படாத காலரா வகையொன்று சென்னையில் தென்பட்டது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அது, வங்காளத்துக்கும் வங்காளதேசத்துக்கும் பரவிப் பெருந்துயர் விளைவித்தது. அச்செய்தியால் உந்தப்பட்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இந்திய இயற்பியலாளர் அசோக் காட்கில், சிற்றூர்களுக்கான புறஊதாச் சுத்திகரிப்புக் கருவியை வடிவமைத்தார். விளக்கு நீருக்குள் மூழ்காமல் நீர்ப்பரப்புக்கு மேலே தொங்கியதால் படிவு ஒட்டும் தொல்லை இல்லை. 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் நீரை அது தூய்மைப்படுத்தியது. அதாவது 1,000 லிட்டருக்கு 0.07 யூனிட்டுக்கும் குறைவு. காட்கில் தன் கருவியை ஒப்பிட்டது குளோரின் நிலையத்தோடு மட்டுமன்று, விறகடுப்போடும் ஒப்பிட்டார். புறஊதா ஒளியின் ஆற்றல் சிக்கனம் என்ற வாதத்தை அந்த ஒப்பீட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

6. ஒரே அளவுகோலில் நான்கு செலவுகள்

இப்போது கணக்கைத் தொகுக்கலாம். ஒப்பிட எளிதாக, ஒவ்வொரு செலவையும் ‘அதே மின்சாரத்தால் 1,000 லிட்டர் நீரை எவ்வளவு உயரம் ஏற்றலாம்’ என்ற அளவில் சொல்கிறேன். எந்திரத் திறன் முன்போலவே 65 விழுக்காடு.

குளோரின்: 1,000 லிட்டருக்கு 2 கிராம் என்றும், ஒரு கிலோ குளோரினுக்கு ஏறத்தாழ 3 யூனிட் என்றும் கொண்டால் 0.006 யூனிட். நீரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏற்றும் செலவு.

புறஊதா: நகராட்சி அளவிலான நிலையத்துக்கு 1,000 லிட்டருக்கு 0.02 முதல் 0.05 யூனிட் வரை. இது 5 முதல் 12 மீட்டர் ஏற்றுவதற்குச் சமம். ஒரு மேல்நிலைத் தொட்டியின் உயரம்கூட இல்லை.

இறைப்பு: ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.42 யூனிட்.

கொதிக்கவைத்தல்: 25 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற மட்டும் 1,000 லிட்டருக்கு 87 யூனிட் வெப்பம். எரிவாயு அடுப்பின் திறன் 60 விழுக்காடு என்றால் 145 யூனிட். இதை உயரமாக மாற்றினால் 30 கிலோமீட்டரைத் தாண்டும், அளவுகோலே பொருளிழக்கிறது.

வேறு சொற்களில் கூறினால், 1,000 லிட்டரைக் கொதிக்கவைக்க 11 கிலோவுக்கு மேற்பட்ட சமையல் எரிவாயு வேண்டும். விறகடுப்பாயின் ஏறத்தாழ 130 கிலோ விறகு. நாளொன்றுக்கு 10 லிட்டர் கொதிநீர் பயன்படுத்தும் குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 எரிவாயு உருளைகளைக் குடிநீருக்காக மட்டும் எரிக்கிறது.

10,000 குடும்பங்கள் கொண்ட ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் இவ்வாறு கொதிக்கவைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 53 லட்சம் யூனிட்டுக்கு இணையான எரிபொருள் எரியும். குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் வீதம் அவ்வூரின் குடிநீர் முழுவதையும் புறஊதா ஒளியில் செலுத்த, 0.04 யூனிட் வீதத்தில், ஆண்டுக்கு 73,000 யூனிட் போதும். குளிக்கவும் துவைக்கவும் செல்லும் நீரையும் சேர்த்து 50 மடங்கு கூடுதலான நீரைத் தூய்மைப்படுத்தியும், செலவு எழுபதில் ஒரு பங்குதான். சிறுவாணியோடு ஒப்பிட்டால், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரையும் புறஊதா ஒளியில் செலுத்த ஏறத்தாழ 4,000 யூனிட் ஆகும். முன்னே சொன்ன 1.9 லட்சம் யூனிட்டில் அது ஐம்பதில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். மலைச்சரிவு தரும் மிச்சத்தின் சிறு துளியைக் கொண்டே விளக்கை எரித்துவிடலாம்.

7. 1984: நம்பிக்கை வீட்டுச் சுவருக்கு இடம்பெயர்ந்த ஆண்டு

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் அடுப்புகள் ஏன் அணையவில்லை? 1984ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அவ்வாண்டு ஏப்ரலில் கேரள நீர் ஆணையம் உருவாகி, குடிநீர் வழங்கல் முழுமையும் ஒரே பொது அமைப்பின் கீழ் வந்தது. அதே ஆண்டு யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் புறஊதா விளக்கு பொருத்திய ‘அக்வாகார்டு’ கருவியை இந்திய வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. குடிநீரின் தரத்துக்குப் பொது அமைப்பு பொறுப்பேற்ற ஆண்டிலேயே, அத்தரத்தை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளும் வழியும் பிறந்தது.

இதன்பின் புறஊதா ஒளி இந்தியாவில் நகராட்சியின் கருவியாக வளர்வதைக் காட்டிலும் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுப் பொருளாகவே வளர்ந்தது. அடுத்து வந்த எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி, அதாவது ஆர்.ஓ., உள்ளே செல்லும் நீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேற்றியது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது இதனால்தான். கருவி வாங்க இயலாத வீடுகளில் அடுப்பு தொடர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளக் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கிணற்றையே முதன்மையாக நம்பியிருந்தன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள்காமாலை பரவும்போதெல்லாம் சுகாதாரத் துறையே கொதிநீரை வலியுறுத்துகிறது. எனவே கொதிக்கவைக்கும் குடும்பத்தை அறியாமையின் எடுத்துக்காட்டாகக் கருதுவது பிழை. தன்னால் சரிபார்க்க முடியாத நீரைத் தன் கையிலுள்ள ஒரே வழியால் அது சரிபார்க்கிறது. விறகு தேடுவதும், நீர் கொதிக்கும்வரை காத்திருப்பதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு என்பது இக்கணக்கில் யூனிட்டாக எழுத முடியாத செலவு.

8. விளக்கால் இயலாதவை

புறஊதா ஒளியைப் பரிந்துரைப்பவர் அதன் எல்லைகளையும் சொல்லக் கடமைப்பட்டவர். இவ்வெல்லைகள் நான்கும் இந்நிலப்பகுதியின் வரலாற்றிலேயே எழுதப்பட்டுள்ளன.

முதலாவது, கலங்கல். ஒளி தெளிந்த நீரிலேயே ஊடுருவும். மண்துகளின் நிழலில் நுண்ணுயிரி தப்பிவிடும். பருவமழையில் மலையோடைகள் செந்நீராக ஓடும் நாட்களில்தான் நோய் அச்சமும் மிகுதி. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கியில் எத்தனை சரிவுகள் சரிந்தன என்பதை அறிவோம். காடு குலைந்த நீர்ப்பிடிப்புக்கு முதலில் வடிகட்டி வேண்டும். விளக்கு அதற்குப் பின்னரே.

இரண்டாவது, கரைந்த பொருள்கள். இதற்குப் பிளாச்சிமடையே சான்று. சித்தூர் வட்டத்தின் மழைமறைவுப் பகுதியில், பெருமாட்டி ஊராட்சியில், கோக-கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் அருந்தவும் சமைக்கவும் ஆகாததாயிற்று என்று எரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்கள் 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டத்தைத் தொடங்கினர். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை. கடினத்தன்மை ஏறிய, உலோகம் கலந்த நீரின் மீது எத்தனை விளக்குகளை எரித்தாலும் பயனில்லை, கொதிக்கவைத்தாலும் பயனில்லை. நீர்மூலம் கெட்டபின் சிக்கனமான சுத்திகரிப்பு என்று எதுவும் இல்லை.

மூன்றாவது, எச்சத் திறன் இன்மை. விளக்கைக் கடந்த நீர் தூய்மையானது. ஆனால் அதன்பின் குழாயில் புகும் கிருமியை எதிர்க்க அதில் எதுவும் இல்லை. நாளில் சில மணி நேரமே நீர் வரும் குழாயில், அழுத்தம் குறையும்போது சுற்றியுள்ள சாக்கடை நீர் கசிந்து உட்புகும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை கூறுவது இதனால்தான். எனவே விளக்கு குளோரினை நீக்காது. அதன் அளவைக் குறைக்க உதவும். இடைவிடாத நீர் வழங்கல் இல்லாத இடத்தில் விளக்கின் பயன் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

நான்காவது, பாதரசம். விளக்குகளில் அது மில்லிகிராம் அளவிலேயே உள்ளது. எனினும் மூணாற்றுக்குக் கிழக்கே, அதே மலைத்தொடரில், கொடைக்கானலின் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டபின் எஞ்சிய பாதரச மாசு எவ்வளவு காலம் நீடித்தது என்பதை இப்பகுதி மக்கள் அறிவர். தேய்ந்த விளக்குகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடின்றி விளக்குகளைப் பரப்புவது, கிருமியை அகற்றி நஞ்சை விதைப்பதாகும்.

9. ஆய்வாளர்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் வரிசை இது: நீர்ப்பிடிப்பைக் காத்தல், இயன்ற இடத்தில் சரிவைப் பயன்படுத்தல், வடிகட்டல், விளக்கு, குறைந்த அளவு குளோரின், இடைவிடாத வழங்கல். இவ்வரிசையில் விளக்கு நான்காம் இடத்தில் நிற்கிறது. முதல் மூன்றும் கடைசி இரண்டும் இல்லாமல் விளக்கை மட்டும் வாங்கும் நகராட்சி, தன் மின்கட்டணத்தைக் கூட்டிக்கொள்ளும். அடுப்புகளும் எரிந்துகொண்டே இருக்கும். ஆறும் இணைந்தால் ஆற்றல் மிச்சம் பெரிதாக இருக்கும். ஆனால் அது நகராட்சியின் ஏட்டில் தெரியாது, எரிவாயு உருளை மாற்றும் நாட்களின் இடைவெளியில் தெரியும். செலவு ஓரிடத்திலும் சேமிப்பு வேறிடத்திலும் நிகழ்வதாலேயே இத்தகைய முதலீடுகள் திட்ட அறிக்கைகளில் தோற்றுப்போகின்றன.

ஆய்வு மாணவர்களுக்கு மூன்று பணிகளைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, சென்னை மாகாணச் சுகாதார ஆணையரின் ஆண்டறிக்கைகளில் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் உரிய குடிநீர்ப் பகுதிகளைத் தொகுத்து, திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகளின் பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளோடு ஒப்பிடலாம். இரண்டு, தோட்ட லயங்களில் எரிபொருள் எவ்வாறு பெறப்பட்டது, அதில் எவ்வளவு குடிநீருக்குச் செலவானது என்பதை முதிய பெண் தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றாகப் பதிவு செய்யலாம். இத்தலைமுறை கடந்துவிட்டால் அச்சான்று கிடைக்காது. மூன்று, எல்லையோர நகராட்சி ஒன்றில் குடிநீருக்கான எரிபொருள் செலவை வீடுவீடாக அளந்து, அதே ஊரின் நீர்வழங்கல் மின்கட்டணத்தோடு சேர்த்து ஒரே அட்டவணையில் எழுதலாம்.

மூன்றாவது பணி பொருளியல் மாணவருக்கும் பொறியியல் மாணவருக்கும் உரியது என்று வரலாற்றுத் துறையினர் ஒதுங்க வேண்டியதில்லை. எந்தச் செலவு ஏட்டில் எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்பதைக் கேட்பது வரலாற்றாசிரியரின் வேலையே. சித்தூர், தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களில் களப்பணி செய்தவர்கள் தம்மிடமுள்ள தரவுகளையும், மேற்கண்ட கணக்கில் திருத்தம் வேண்டுபவர்கள் தம் அடிப்படை எண்களையும் பின்னூட்டத்தில் பகிர வேண்டுகிறேன். அட்டவணையை நாம் சேர்ந்தே தொடங்கலாம்.